டெல்லி ஜனவரியில் தயிர், மே மாதத்தில் பழைய சோறு

சமையல் குறிப்புகளில் "இரவு முழுக்கப் புளிக்க விடவும்" என்று ஒரு வரி வரும். எந்த ஊர் இரவு என்று யாரும் எழுதுவதில்லை. சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். அங்கே மார்கழியிலும் மாவு பொங்கிவிடும். டெல்லியில் ஜனவரி ராத்திரி சராசரியாக 7 டிகிரி, மே மாதப் பகல் 40 டிகிரி. அதே மாவு, அதே உறைமோர், அதே பாத்திரம்; ஜனவரியில் மறுநாள் மதியம்வரை அசையாது, மே மாதத்தில் நீங்கள் தூங்கி எழுவதற்குள் புளித்து மேடையில் வழிந்திருக்கும். அதனால் நான் கடிகாரத்தைப் பார்த்துப் புளிக்க வைப்பதில்லை. தேங்காயெண்ணெய் பாட்டிலைப் பார்க்கிறேன்.

இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். சமையலறை அலமாரியில் இருக்கிற பாட்டில் வெள்ளையாகக் கட்டிப்போயிருந்தால், அந்த அறையில் எதுவும் தானாகப் புளிக்காது, நாம்தான் சூடு தேடித் தரவேண்டும். எண்ணெய் தெளிந்து ஓடினால் சும்மா மேடையிலேயே விடலாம். மே, ஜூனில் பாட்டிலைத் தொட்டாலே வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது குறிப்பில் சொல்லியிருக்கும் நேரத்தில் பாதிதான். கீழே எழுதியிருப்பது எல்லாம் இந்த மூன்று நிலைமைகளைச் சுற்றித்தான்.

நான் இருப்பது மயூர் விஹாரில், மூன்றாவது மாடி. சமையலறை வடக்குப் பார்த்தது, டிசம்பரிலிருந்து பிப்ரவரி நடுவரை வெயிலே எட்டிப்பார்க்காது. ஆனால் தலைக்கு மேலே மொட்டைமாடி. டெல்லி வீட்டில் இவை இரண்டும் இருந்தால் அடுப்பில்லாத சமையல் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

தயிர்

முதலில் தயிர், ஏனென்றால் மோரில்லாமல் மற்றதில் பாதி நடக்காது.

பால் எதுவானாலும் சரி. மதர் டெய்ரி பூத்தில் டோக்கன் பால் வாங்கினாலும், பாக்கெட் வாங்கினாலும், டோன்ட் பாலில் 3 சதவீதம் கொழுப்பு, ஃபுல் க்ரீமில் 6 சதவீதம். கெட்டித் தயிருக்கு ஃபுல் க்ரீம்தான் வேண்டும் என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். அவசியமில்லை. பால் பொங்கினதும் அடுப்பை அணைக்காமல், சிறு தீயில் இன்னும் எட்டு, பத்து நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். அந்தச் சூட்டில் பாலின் புரதங்கள் குலைந்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், உறையும்போது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். டோன்ட் பாலிலேயே கரண்டியில் வெட்டி எடுக்கிற மாதிரித் தயிர் வரும்.

கோடையில் பால் நன்றாக ஆறி, விரலில் சூடே தெரியாத நிலையில் அரை லிட்டருக்கு அரை டீஸ்பூன் உறைமோர் போதும். நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். உறைந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். சாயங்காலம் ஊற்றிவிட்டுத் தூங்கப்போனால் காலையில் கிடைப்பது தயிரில்லை, வாயைச் சுளிக்க வைக்கும் புளிப்பு.

ஜனவரியில் எல்லாமே தலைகீழ். பால் 45 டிகிரி இருக்கும்போது ஊற்றவேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், சுத்தமான சுண்டுவிரலை விட்டால் சூடு உறைக்கவேண்டும், ஆனால் பத்துவரை எண்ணும்வரை விரலை எடுக்கத் தோன்றக்கூடாது. அதற்கு மேல் கொதிப்பாக இருந்தால் உறைமோரில் இருக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். உறைமோர் இப்போது ஒரு முழு டேபிள்ஸ்பூன், அதுவும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்தது. ரொட்டி போட்டுவைக்கிற ஹாட்கேஸில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, அது சூடாக இருக்கும்போதே பாலை ஊற்றி மூடுங்கள். அதை ஒரு பழைய சால்வையில் சுற்றி ஆட்டா டிரம்முக்குள் இறக்கிவிடுவேன். பத்துக் கிலோ கோதுமை மாவைவிட நல்ல போர்வை இந்த ஊரில் இல்லை. இதைக் கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிஜி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டு மணி நேரம் ஆட்டக்கூடாது. நடுவில் திறந்து பார்க்கிற பழக்கம் வீட்டுக்கு வீடு ஒருவருக்கு இருக்கும், எங்கள் வீட்டில் அது என் கணவர்.

பச்சைமிளகாயைக் காம்போடு போட்டால் உறையும் என்பார்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சூடு இல்லாவிட்டால் மிளகாய் மட்டும் பாலில் மிதந்துகொண்டிருக்கும்.

கறுப்புக் கேரட் காஞ்ஜி

நம் கஞ்சி இல்லை இது; கறுப்புக் கேரட்டைக் கடுகு, உப்புத் தண்ணீரில் புளிக்கவைத்துக் குடிக்கிற வடக்கத்தி பானம். தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் தொடாமல் விடுகிற ஒன்று. குளிர்காலம் முழுக்கக் காரட் அல்வா கிளறுவார்கள், சிவப்புக் கேரட்டைச் சாம்பாரில் போடுவார்கள், பக்கத்திலேயே குவிந்திருக்கும் கறுப்புக் கேரட்டைக் கேள்வி கேட்காமல் கடந்துபோவார்கள். எனக்கு இதுதான் டெல்லிக் குளிரின் நல்ல பக்கம்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை வாரச்சந்தையிலும் தள்ளுவண்டியிலும் வரும். "காலி காஜர்" என்று கேளுங்கள். வெளியே கிட்டத்தட்டக் கறுப்பு, வெட்டினால் கத்தரிப்பூ நிறம். நாவல்பழத்துக்கு நிறம் தருகிற அதே ஆந்தோசயனின் வகை நிறமிதான் இதிலும். ஒல்லியாக, விறைப்பாக, வாலில் சுருக்கமில்லாமல் இருப்பதாகப் பொறுக்குங்கள். கிடைக்காவிட்டால் சிவப்புக் கேரட்டோடு ஒரு பீட்ரூட் சேர்த்தும் போடலாம். நிறம் வந்துவிடும், ருசியில் அந்த மண்வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

அளவு இது: கறுப்புக் கேரட் அரைக் கிலோ, தண்ணீர் 2 லிட்டர், கடுகு 25 கிராம், உப்பு 30 கிராம், மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன். 30 கிராம் உப்பு என்பது தட்டி அளந்தால் இரண்டு டேபிள்ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. முடிந்தால் தராசில் நிறுத்துவிடுங்கள், கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் கரண்டிக் கணக்கு ஒத்துவராது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். நாம் வளர்க்கப்போகிற நுண்ணுயிர்களுக்கு அது ஆகாது, எனவே தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆறவிடுங்கள். கேரட்டை மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலை லேசாகச் சுரண்டினால் போதும். வேண்டிய நுண்ணுயிர் அந்தத் தோலோடுதான் வருகிறது, அதனால் மழித்து எடுக்கவேண்டாம். விரல் நீளத்துக்கு, விரலில் பாதிக் கனத்துக்கு நறுக்குங்கள். கைக்கு நிறம் ஏறும், இரண்டு நாளில் போய்விடும். வெள்ளைத் துணியிலும் மேடையின் வெள்ளைக் கல்லிலும் பட்டால் அவ்வளவு சுலபத்தில் போகாது, அதனால் சிங்க்குக்குள்ளேயே வைத்து நறுக்குவது புத்திசாலித்தனம்.

கடுகை வறுக்கக்கூடாது. பச்சையாகவே மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். முழுக் கடுகில் காரம் கிடையாது. உடைந்து தண்ணீர் படும்போதுதான் மூக்கில் ஏறுகிற அந்தக் காரம் உண்டாகிறது. வறுத்தால் அந்த வேலையே நடக்காது. ஆவக்காய் போட்டுப் பழகின கைக்கு இது புதிதில்லை.

எல்லாவற்றையும் ஒரு கண்ணாடி ஜாடியிலோ பீங்கான் ஜாடியிலோ போட்டு, மேலே நாலு விரல் இடம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். எவர்சில்வர் வேண்டாம், அலுமினியம் வேண்டவே வேண்டாம். உப்பும் புளிப்பும் நாள்கணக்கில் உலோகத்தோடு இருக்கக்கூடாது. வாயை மெல்லிய வேட்டித் துணியால் கட்டி மாடியில் வெயில் படும் இடத்தில் வையுங்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு உள்ளே எடுத்துவந்துவிட வேண்டும். தினமும் ஒருமுறை உலர்ந்த மரக்கரண்டியால் கிளறி, கேரட் தண்ணீருக்கு அடியில் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே மிதக்கிற துண்டில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.

எத்தனை நாள்? நல்ல வெயிலாக இருந்தால் நாலைந்து நாள். ஜனவரியில் மூடுபனி வாரம் வரும், சூரியன் மதியம் இரண்டு மணிக்குத் தலையைக் காட்டிவிட்டுப் போகும். அப்போது எட்டு நாள்கூட ஆகும், அவசரப்பட வேண்டாம். மார்ச்சில் ஹோலி சமயத்தில் போட்டால் இரண்டு, மூன்று நாளில் தயார். மூன்றாவது நாளிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து ருசி பாருங்கள். ஆரம்பத்தில் உப்பும் கடுகும் தனித்தனியாகத் தெரியும். புளிப்பு வந்து அவற்றைச் சேர்த்துக் கட்டினதும் நிறுத்திவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். அங்கே இரண்டு வாரம் இருக்கும். கேரட் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள், தயிர்சாதத்துக்கு அதைவிட நல்ல தொட்டுக்கொள்கிறது இல்லை.

மேலே மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்தால் அது ஒருவகை ஈஸ்ட், வழித்து எடுத்துவிடலாம். பஞ்சு மாதிரி மயிர் விட்டுப் பச்சையாகவோ கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிந்தால், வழுவழுப்பாக நூல்விட்டால், முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள். மேலே இருப்பதை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கிற சிக்கனம் இதில் உதவாது.

இது ஈரலைக் கழுவும், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று ஃபார்வர்டில் வருவதை நான் நம்புவதில்லை. புளித்த பானம், பசியைத் தூண்டும், சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்ன டம்ளர் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். 100 மில்லியில் ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. நாம்தான் ஏற்கெனவே ஊறுகாய், அப்பளம், சாம்பார் என்று அதைத் தாண்டிவிடுகிற ஜாதி. வீட்டில் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ருசி பார்க்க ஒரு வாய், அதோடு சரி.

ஹோலிக்கு வடக்கத்திக்காரர்கள் இதில் பாசிப்பருப்பு வடையை ஊறவைப்பார்கள். நான் நம் உளுந்து வடையையே போடுகிறேன். பொரித்ததும் வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு, உள்ளங்கையில் வைத்து மெதுவாக அழுத்தி எண்ணெயை எடுத்துவிட்டுக் காஞ்ஜியில் போடவேண்டும். தயிர்வடை மேல் உயிரையே வைத்திருக்கும் என் மாமியார், மாயவரத்துக்காரர், இதை மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

இட்லி மாவு, சுருக்கமாக

இதைப்பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனவே குளிருக்கு மட்டும் மூன்று விஷயம். கிரைண்டரில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அரையுங்கள். மாவே சூடாக ஆரம்பித்தால் பாதித் தூரம் கடந்தாயிற்று. கையால் கரையுங்கள். பெரிய குக்கரின் அடியில் இரண்டு டம்ளர் கொதிநீர் ஊற்றி, ஸ்டாண்டு போட்டு, அதன்மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து, வெயிட் போடாமல் மூடி ரஜாய்க்குள், அதாவது பஞ்சுப் போர்வைக்குள், சுருட்டி வையுங்கள். தூங்கப்போகும் முன் அந்தத் தண்ணீரை மட்டும் ஒருமுறை மாற்றினால் காலை பத்து மணிக்குள் பொங்கியிருக்கும். ஓவன் வைத்திருப்பவர்கள் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு வைத்தாலும் போதும். மே மாதத்தில் இந்தக் கூத்து எதுவும் வேண்டாம், ஐந்து மணி நேரத்தில் பொங்கிவிடும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சோறும் மண்டுவாக் கூழும்

ஏப்ரல் கடைசியில் லூ அடிக்க ஆரம்பிக்கும். ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வருகிற அந்த வறண்ட காற்றில் வெளியே போய்வந்தால் சூடான எதையும் வாயில் வைக்கப் பிடிக்காது. பழைய சோறு அதற்காகவே இருக்கிறது. ஆனால் ஊரில் செய்வதுபோல மத்தியானச் சோற்றை அப்படியே விட்டு, ராத்திரி தண்ணீர் ஊற்றி, மறுநாள் பதினொரு மணிக்குச் சாப்பிடுவது டெல்லி மே மாதத்தில் வேண்டாம். அரிசியோடு வருகிற ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. வெதுவெதுப்பில் சோறு சும்மா கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, மறுபடி சுடவைத்தாலும் போகாத நஞ்சை உண்டாக்கும், வாந்தியில் கொண்டுவிடலாம்.

ஆகவே ராத்திரி ஒன்பது மணிக்குப் புதிதாகக் கொஞ்சம் வடியுங்கள். தட்டில் பரத்தி ஃபேனுக்குக் கீழே அரைமணிக்குள் ஆறவிடுங்கள். மண்சட்டியில் போட்டு, சோறு மூழ்கி இரண்டு விரல் மேலே நிற்கும் அளவு காய்ச்சி ஆறின தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி புளித்த மோரும் விடுங்கள். அந்த மோர்தான் காவல். ஆரம்பத்திலேயே புளிப்பு ஏறிவிட்டால் வேண்டாதவை தலைதூக்குவது கஷ்டம். காலை ஆறரை, ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். முடியாது என்றால் எழுந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். நீர் தெளிந்து லேசான புளிப்பு வாசம் வந்தால் சரி. கொழகொழவென்று இருந்தாலோ வாசம் மூக்கை உறுத்தினாலோ வேண்டாம்.

சின்ன வெங்காயத்துக்கு ஐஎன்ஏ மார்க்கெட்தான் போகவேண்டும் என்று முன்பெல்லாம் இருந்தது. இப்போது மயூர் விஹார் தமிழ், மலையாளக் கடைகளிலேயே கிடைக்கிறது, விலையைப் பார்த்தால் மட்டும் நெஞ்சு அடைக்கும்.

கேழ்வரகு தேடி அலைகிறவர்களுக்கு ஒரு தகவல். உத்தராகண்ட் மலைக்காரர்கள் அதை மண்டுவா என்கிறார்கள். குளிரில் அதில் ரொட்டி தட்டிச் சாப்பிடுவார்கள். கிழக்கு டெல்லியில் அவர்கள் நிறையப் பேர் இருப்பதால் பஹாடி சாமான் விற்கும் கடைகளில் மண்டுவா மாவு கிடைக்கும். நம் ராகி மாவேதான். கோடையில் ஒரு டம்ளர் மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து ராத்திரி வைத்தால் காலையில் புளித்திருக்கும். அரை டம்ளர் அரிசி நொய்யை நாலு டம்ளர் தண்ணீரில் வேகவைத்து, வெந்துகொண்டிருக்கும்போதே இந்தக் கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி ஆறவிட்டு உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவிடலாம். சாப்பிடும்போது ஒரு உருண்டையை மோரும் உப்பும் விட்டுக் கரைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. மோர்மிளகாய் இருந்தால் இன்னும் நல்லது.

வெயிலுக்குக் குடிக்க

நீர்மோருக்கு ஒரு பங்கு தயிர், நாலு பங்கு தண்ணீர். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு எல்லாவற்றையும் அம்மியிலோ சின்ன உரலிலோ நசுக்கிப் போட்டு வடிகட்டுங்கள். மிக்ஸியில் அரைத்தால் இஞ்சி நார் தொண்டையில் நிற்கும். உப்பில் பாதியைக் காலா நமக், அதாவது கறுப்பு உப்பு, ஆக்கினால் வடக்கத்தி மோரான 'சாச்' வாசம் வரும், சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

ஐஸ் போடாமல் மட்கா என்கிற மண்பானையில் வையுங்கள். லூ அடிக்கும் வறண்ட காற்றில் பானையின் மேல்புறத்து ஈரம் வேகமாக ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர்விக்கும். ஜூலையில் மழை வந்து காற்றில் ஈரம் ஏறினதும் அதே பானை சும்மா உட்கார்ந்திருக்கும். கூலரும் அப்போதுதான் கைவிடும்.

மே, ஜூனில் தெருவில் குவிந்திருக்கும் பெல் பழம் நம் வில்வப்பழம், விளாம்பழம் இல்லை. ஓட்டை உடைத்துச் சதையைத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, கையால் பிசைந்து சல்லடையில் தேய்த்து எடுங்கள். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசக்கும். பழம் நன்றாகப் பழுத்திருந்தால் சர்க்கரை வேண்டியதில்லை. மாங்காய் பன்னா இன்னும் சுலபம்: மாங்காயைக் குக்கரில் வேகவைத்துச் சதையை எடுத்து, வெல்லம், வறுத்த சீரகப் பொடி, காலா நமக், புதினா சேர்த்துக் கெட்டியாக ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு வேண்டும்போது தண்ணீர் கலந்துகொள்ளலாம். இதில் மட்டும் காலா நமக் எனக்குச் சம்மதம்.

ஜூலை, ஆகஸ்டில் மேடையில் எதையும் நாள்கணக்கில் புளிக்கவைக்காதீர்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைதான் முந்தும். தயிர், இட்லி மாவு இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

லீவுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்கள் உறைமோரை என்ன செய்வது என்று கேட்பார்கள். புதிதாக உறைந்த, புளிக்காத தயிரை ஐஸ் தட்டில் குழிக்கு ஒரு ஸ்பூனாக ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துவிட்டுப் போங்கள். ஒரு மாதம் தாங்கும். திரும்பி வந்ததும் இரண்டு கட்டியை எடுத்து வெளியே கரையவிட்டு, அரை லிட்டர் வெதுவெதுப்பான பாலில் கலக்குங்கள். முதல் தடவை தளதளவென்றுதான் உறையும், வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் அதிகமும் எடுக்கும். அந்தத் தயிரிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து மறுபடி ஊற்றினால் பழைய கெட்டி வந்துவிடும்.